கடைக் கட்டடமும் நம் சொத்து



பழைய கோயிலைப் பழுது பார்க்க வேண்டும் என்றால் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். கோட்டையைக் காக்க வேண்டும் என்றாலும் சரி என்பார்கள். ஒரு பழைய கடைக் கட்டடத்தைக் காக்க வேண்டும் என்றால்? "வெறும் கடைதானே! இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமே" என்று சொல்பவர்கள் பலர். அது சரியா? சென்னையில் நடந்த ஒரு வழக்கைப் பார்ப்போம்.

சென்னை அண்ணா சாலைக்கு முன்பு மவுண்ட் ரோடு என்று பெயர். அந்தச் சாலையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை வந்து சேரும் முனையில் ஒரு சிவப்புச் செங்கல் மாளிகை எழுந்தது. கட்டிய ஆண்டு 1897. கட்டச் சொன்னவர் ஸ்மித் என்ற மருந்து வியாபாரி. வரைபடம் போட்டவர் ஜே. எச். ஸ்டீபன்ஸ். உயரமான மெல்லிய கோபுரங்கள், சின்னச் சின்னக் குவிமாடங்கள், வரிசை வரிசையாக வளைவுகள். மொகலாயர் பாணியும் ஐரோப்பியர் பாணியும் அதில் கலந்திருந்தன. மருந்து வாங்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே போயிருப்பார்கள்!

1934-இல் பாரத் இன்சூரன்ஸ் கம்பெனி அதை வாங்கியது. அதனால் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் என்ற பெயர் நிலைத்தது. 1956-இல் மத்திய அரசு ஆயுள் காப்பீட்டுத் தொழிலை நாட்டுடைமை ஆக்கியது. 245 நிறுவனங்கள் ஒன்றாயின. எல்.ஐ.சி. பிறந்தது. கட்டடமும் எல்.ஐ.சி.க்கு வந்தது.

இந்தக் கட்டடத்துக்கு என்ன மதிப்பு? நிலத்தின் விலையை மட்டும் பார்த்தால் போதாது. அதில் இருக்கும் உழைப்பைப் பாருங்கள். அந்தக் காலத்தில் கட்டட வேலைக்கு சிமெண்ட் பரவலாகப் பயன்படவில்லை. மண்ணை மிதித்து, அச்சில் வார்த்து, காயவைத்து, சூளையில் சுட்டுச் செங்கல் செய்தார்கள். கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். மணலும் சுண்ணாம்பும் சேர்த்து, மாடு பூட்டிய செக்கில் அரைத்தார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைக் கலவையில் சேர்ப்பதும் வழக்கம். செங்கல்லை வளைவாக அடுக்கி, இரும்பு இல்லாமலே பாரத்தைத் தாங்க வைக்கும் வித்தை கொத்தனார்களுக்குத் தெரிந்திருந்தது.

ஸ்மித்தின் பெயர் நமக்குத் தெரிகிறது. ஸ்டீபன்ஸின் பெயரும் தெரிகிறது. கொத்தனார்களின் பெயர், சித்தாள்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. அந்தக் காலத்தில் உழைப்பாளிகள் பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அந்தச் சுவர்தான் அவர்களுடைய கையெழுத்து. சுவரை இடித்தால் கையெழுத்தும் அழிந்துபோகும்.

அதே அண்ணா சாலையில் ஸ்பென்சர் கட்டடம் என்ற பெரிய செங்கல் கட்டடமும் இருந்தது. 1983-இல் தீப்பிடித்தது. பிறகு இடிக்கப்பட்டது. அதை இனிப் படத்தில்தான் பார்க்க முடியும்.

பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்துக்கும் 2006-இல் ஆபத்து வந்தது. கட்டடம் பாதுகாப்பாக இல்லை என்று சொல்லி இடிக்கத் தொடங்கினார்கள். பாரம்பரியச் சின்னங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இடிக்கும் வேலை நின்றது. 2010-இல் தீர்ப்பு வந்தது. இந்தக் கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு சொன்ன உயர் நீதிமன்றக் கட்டடமும் 1892-இல் திறந்த சிவப்புச் செங்கல் கட்டடம்தான்!

வழக்கில் வெற்றி கிடைத்தது. கட்டடம் பிழைத்ததா? தீர்ப்புக்குப் பிறகும் பல ஆண்டுகள் அது பூட்டியே கிடந்தது. சுவரில் செடி முளைத்தது. கடப்பாரை ஒரு மாதத்தில் செய்யும் வேலையை, கவனியாமை பத்து ஆண்டுகளில் செய்துவிடும்.

பாதுகாப்பு என்ற பேச்சையும் தள்ளிவிட முடியாது. மைசூரில் லான்ஸ்டவுன் கட்டடம் என்ற பழைய கடைத்தெருக் கட்டடம் உண்டு. 2012-இல் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்து உயிர்கள் போயின. பழமை மட்டும் ஆளைக் கொல்வதில்லை. பழுதைப் பார்க்காமல் விடுவதுதான் கொல்கிறது.

அதைத் தடுக்கும் வழி பெரிய வித்தை இல்லை. சுவரில் ஆலங்கன்று, அரசங்கன்று முளைத்தால் சின்னதாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். வேர் பருத்தால் சுவர் பிளந்துவிடும். மழைநீர்க் குழாயில் அடைப்பு இருக்கக் கூடாது. சுண்ணாம்புச் சுவருக்கு சிமெண்ட் பூசக் கூடாது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல் பொரிந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டடத்தில் ஆள் நடமாட்டம் இருக்க வேண்டும். ஆள் இருந்தால்தான் ஒழுகும் இடம் கண்ணில் படும்.

உங்கள் ஊர்க் கடைத்தெருவிலும் இப்படி ஒரு கட்டடம் இருக்கலாம். நாளை அந்தப் பக்கம் போகும்போது நின்று பாருங்கள். முகப்பில் ஆண்டு பொறித்திருந்தால் படியுங்கள். சுவரில் கன்று முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் உரியவரிடம் சொல்லுங்கள். நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ ஒரு மனு எழுதுங்கள். எழுதத்தான் கற்றுக்கொண்டோமே!