ஊருக்கு வருமுன் ஓர் ஊசி: நன்மையும் ஆபத்தும்

(நூற்றாண்டு விழாவையொட்டி மாங்கேணியில் நடைபெற்ற ஒன்றுகூடலில், சங்கத்தின் சுகாதாரக் குழுவினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்த நூற்றாண்டு ஆண்டில் லண்டன், ரொறன்ரோ, சூரிச், மெல்பேர்ண் எனப் பல இடங்களிலிருந்தும் நம் பழைய மாணவியர் ஊருக்கு வருகிறார்கள். பெட்டியில் என்ன கொண்டு வருவது என்று மாதக்கணக்காக யோசிக்கிறோம். உடம்பில் எதைக் கொண்டு வருகிறோம், எதைக் கொண்டு திரும்புவோம் என்று யோசிப்பவர்கள் குறைவு.

சென்ற மார்கழியில் நம்மில் ஒருத்தி பத்து வருடங்களுக்குப் பின் மாங்கேணிக்கு வந்தாள். விமானத்திலேயே தொண்டை கரகரத்தது. வெறும் தடிமன்தானே என்று வந்து தாயைக் கட்டியணைத்தாள். மூன்றாம் நாள் தாய்க்குக் காய்ச்சல். ஒரு வாரத்துக்குள் மூச்சு முட்டி வைத்தியசாலையில் சேர்க்க வேண்டியதாயிற்று. நியூமோனியா என்றார்கள். உயிர் தப்பினார். ஆனால் முன்புபோல் தனியே கிணற்றடிக்குப் போக அவரால் இன்றும் முடியவில்லை. மகள் எங்களிடம் கேட்டது ஒரு கேள்விதான்: "நான் ஊசி போட்டிருந்தால் அம்மாவுக்கு இது வந்திருக்காதா?" அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லவே இன்று பேசுகிறோம்.

வந்தே இருக்காது என்று எவராலும் சொல்ல முடியாது. இன்புளுவன்சாக் கிருமி வருடாவருடம் உருமாறுவது. அதனால் உலக சுகாதார நிறுவனம் வருடத்தில் இரு தடவை, வட அரைக்கோளத்துக்கு மாசியிலும் தென் அரைக்கோளத்துக்குப் புரட்டாதியிலும், எந்த வகைகளை ஊசியில் சேர்ப்பது என்று பரிந்துரைக்கிறது. கணிப்பு நன்கு பொருந்திய வருடங்களிலும் வைத்தியரிடம் போகுமளவு நோய் வருவதை ஊசி 40 முதல் 60 வீதம் வரையே குறைக்கிறது. வயதானவர்களின் உடம்பில் அதன் வேலை இன்னும் குறைவு. ஆயினும் ஊசி போட்டவருக்கு நோய் வந்தாலும் கடுமையாகும் வாய்ப்புக் குறைகிறது. முதியவருக்கு ஊசி முழுதாக வேலை செய்யாததால்தான் அவரைச் சுற்றியுள்ளவர்களும் போடுவது முக்கியமாகிறது. மகள் போட்டிருந்தால் தாய்க்கு வரும் வாய்ப்புக் குறைந்திருக்கும். இருவரும் போட்டிருந்தால் இன்னும் குறைந்திருக்கும். நாங்கள் சொல்லக்கூடியது அவ்வளவே.

இனி ஆபத்துப் பக்கம். கை நோவு, ஓரிரு நாள் உடம்பு அலுப்பு, இலேசான காய்ச்சல் ஆகியவை பலருக்கும் வரும். "ஊசி போட்டுத்தான் எனக்குக் காய்ச்சலே வந்தது" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். ஊசியாக ஏற்றப்படும் மருந்தில் உயிருள்ள கிருமி இல்லை. அதனால் இன்புளுவன்சா வராது. கடும் ஒவ்வாமை பத்து இலட்சம் ஊசிகளில் ஏறத்தாழ ஒன்றுக்கு வரலாம். அதற்காகவே ஊசி போட்டபின் சிறிது நேரம் இருந்து போகச் சொல்கிறார்கள். கில்லன் பாரே என்னும் நரம்புத் தளர்ச்சி நோய் பத்து இலட்சத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ வரலாம். இன்புளுவன்சா நோயாலும் அது வரும். அந்த வாய்ப்பு ஊசியால் வருவதைவிட அதிகம்.

தடுப்பூசியில் தவறே நேராது என்றும் நாங்கள் சொல்ல வரவில்லை. 1976இல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சல் பரவப்போகிறது என்று அஞ்சி நாலரைக் கோடிப் பேருக்கு ஊசி போட்டார்கள். அஞ்சிய நோய் பரவவில்லை. இலட்சத்தில் ஒருவர் அளவில் நரம்புத் தளர்ச்சி கூடியது. திட்டம் நிறுத்தப்பட்டது. 2017இல் பிலிப்பைன்சில், டெங்குத் தடுப்பூசி ஒன்று முன்பு டெங்கு வராத பிள்ளைகளுக்குப் பின்னர் நோயைக் கடுமையாக்கலாம் எனத் தெரியவந்தது. அதற்குள் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அது போடப்பட்டிருந்தது. நம் நாட்டிலும் 2009இல் குழந்தைகளுக்கான ஐங்கூட்டுத் தடுப்பூசி, சில மரணங்களுக்குப் பின் நிறுத்திவைக்கப்பட்டு, நிபுணர்கள் ஆராய்ந்தபின் 2010இல் மீண்டும் தொடங்கப்பட்டது. சந்தேகம் வந்ததும் நிறுத்தி, ஆராய்ந்து, முடிவைச் சொல்லும் ஏற்பாடு இருக்கிறதா என்று பார்ப்பதே அறிவுள்ள நம்பிக்கை.

இப்பகுதி அந்த நம்பிக்கையைக் கண்ட பகுதி. 1995 முதல் போலியோச் சொட்டு மருந்து கொடுக்கும் நாட்களில் யுத்தத்தின் இரு தரப்பும் துப்பாக்கியை ஓய்த்தன. வீட்டில் உலை வைக்க அரிசி இல்லாத தாய்மாரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைத்திருக்க ஐஸ் பெட்டியைச் சுமந்து திரிந்தார்கள் நம் குடும்பநல மாதர். 1993க்குப் பின் இலங்கையில் போலியோ நோயாளர் எவரும் இல்லை. 2014இல் தென்கிழக்காசியப் பிராந்தியமே போலியோ அற்றதெனச் சான்று பெற்றது.

அடுத்து, வெளிநாட்டிலிருந்து வருவோர் போட வேண்டிய பயணத் தடுப்பூசிகள். "நம்மட ஊர்த் தண்ணி நம்மள என்ன செய்யும்?" என்பதுதான் எங்கும் கேட்கும் பேச்சு. சொந்த ஊருக்குப் போகிறவர்களே, சுற்றுலாப் போகிறவர்களைவிடக் குறைவாக வைத்திய ஆலோசனை பெறுகிறார்கள். பிரித்தானியாவிலும் கனடாவிலும் காணப்படும் நெருப்புக் காய்ச்சலில் பெரும்பங்கு, தெற்காசியாவுக்கு உறவினரைப் பார்க்கப் போய்த் திரும்பியவர்களுக்கே வருகிறது. நமக்குச் சிறு வயதில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி தேய்ந்திருக்கும். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அது கிடைத்ததே இல்லை.

எல்லா ஊசியும் எல்லோருக்கும் வேண்டியதில்லை. செங்கண்மாரியை உண்டாக்கும் ஈரல் அழற்சி ஏக்கான ஊசி இரண்டு போட்டால் நெடுங்காலம் காக்கும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு அது பெரும் பயன். நெருப்புக் காய்ச்சல் ஊசியின் காப்பு முழுமையானதல்ல. பழைய வகையை மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். ஆகவே ஊசி போட்டவரும் கொதித்தாறிய நீரையே குடிக்க வேண்டும். சின்னமுத்து இலங்கையில் ஒழிந்ததென 2019இல் சான்று கிடைத்தது. 2023இல் அது திரும்ப வந்தது. பிள்ளைகளின் இரண்டு ஊசிகளும் போட்டாயிற்றா என்று அட்டையைப் பாருங்கள். யப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி விலை கூடியது. வயற்புறத்தில் மாதக்கணக்காகத் தங்குபவருக்கு அது பொருந்தும்; இரண்டு கிழமை நிற்பவருக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. விசர்நாய்க்கடிக்கு முன்கூட்டியே ஊசி போட்டிருந்தாலும் கடித்தபின் வைத்தியசாலைக்குப் போயே ஆக வேண்டும். அரச வைத்தியசாலைகளில் அந்தச் சிகிச்சை இலவசம். மலேரியாவுக்கு இங்கு அஞ்ச வேண்டாம். 2016இல் நாடு அதிலிருந்து விடுபட்டது. டெங்குவுக்கு நுளம்பு கடியாமல் பார்ப்பதே முதற் காப்பு.

கர்ப்பிணிகளுக்கு ஒரு சொல். இன்புளுவன்சா ஊசியை எந்த மாதத்திலும் போடலாம், போடுவது நல்லது. ஆனால் சின்னமுத்து, மஞ்சட் காய்ச்சல் போன்ற உயிர்க்கிருமி ஊசிகளை வைத்தியரைக் கேளாமல் போடக்கூடாது. ஆபிரிக்கா வழியாக வருவோருக்கு மஞ்சட் காய்ச்சல் சான்றிதழ் கேட்கப்படலாம். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு அந்த ஊசியின் அரிய பக்கவிளைவுகள் சற்றுக் கூடுதல். பயணம் உண்மையில் அவசியமா என்றுகூட யோசிக்க வேண்டிய இடம் அது.

காலக்கணக்கையும் மறவாதீர்கள். இலங்கையில் இன்புளுவன்சா பொதுவாக வருடத்தில் இரு தடவை, சித்திரை முதல் ஆனி வரையும் கார்த்திகை முதல் தை வரையும், கூடுகிறது. மார்கழி விடுமுறைக்கு வருபவர் ஐப்பசியில் போட்ட ஊசி சரியான நேரத்தில் கைகொடுக்கும். சித்திரைப் புதுவருடத்துக்கு வருபவருக்கு அதன் வலு சற்றுக் குறைந்திருக்கும். காப்பு உருவாக இரண்டு கிழமை எடுக்கும். எனவே விமான நிலையம் போகும் வழியில் போட்டுப் பயனில்லை. பயணத்துக்கு ஆறு கிழமைக்கு முன் வைத்தியரைப் பாருங்கள்.

இங்கே இருப்பவர்களுக்கு இந்த ஊசி கிளினிக்கில் வழமையாகக் கிடைப்பதில்லை; தனியாரிடம் காசு கொடுத்தே போட வேண்டும். அதனால் வருகிற பிள்ளைகளிடம் எங்கள் வேண்டுகோள்: அம்மாவுக்குக் கொண்டுவரும் சேலையுடன் அந்த ஊசிக்கான செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சலோடு வந்திறங்கினால் சில நாட்கள் முகக்கவசம் அணிந்து தள்ளியிருங்கள். பத்து வருடம் காத்திருந்த தாய் இன்னும் ஐந்து நாள் காத்திருப்பார்.

அந்த மகள் இவ்வருடமும் வருகிறாள். தானும் ஊசி போட்டுவிட்டாள்; தாய்க்கும் ஏற்பாடு செய்திருக்கிறாள். தாய் இன்று முன் வரிசையில் இருக்கிறார். அவர் அனுமதி தந்ததால்தான் இக்கதையைச் சொன்னோம்.