பச்சைத் தண்ணீரும் மூச்சும்

விடியற்காலை யோகப் பயிற்சிக்கு முன்பும் பின்பும் பச்சைத் தண்ணீரில் குளிப்பது தமிழ்நாட்டில் பரவலான பழக்கம். வெந்நீரில் குளித்துவிட்டு ஆசனம் செய்பவரை ஏதோ சலுகை பெற்றவர் போலப் பார்ப்பதும் உண்டு. ஆனால் இந்தக் குளியல் யோக நூல்களிலிருந்து வந்ததன்று; நோன்பிலிருந்து வந்தது. திருப்பாவையின் 30 பாசுரங்களும் திருவெம்பாவையின் 20 பாடல்களும் மார்கழி விடியலில் நீராடப் புறப்படும் பெண்களைச் சுற்றி அமைந்தவை. அவற்றுக்கும் முற்பட்ட பரிபாடல் தை நீராடலைப் பேசுகிறது. இன்று கார்த்திகையில் மாலை போட்டவர்கள் காலையும் மாலையும் பச்சைத் தண்ணீர் ஊற்றிக்கொள்வதும் அதே வழிதான். உடலை வருத்தி மனத்தை ஒருமுகப்படுத்துவது நோன்பின் நோக்கம்.

ஹடயோகத்தின் நோக்கு வேறு. 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் தொகுத்த ‘ஹடயோகப் பிரதீபிகை’, பயிற்சிக் காலத்தில் விலக்க வேண்டியவற்றைச் சொல்லும் இடத்தில், தீக்காய்தல், நெடும்பயணம் முதலியவற்றோடு அதிகாலைக் குளியலையும் பட்டினியையும் சேர்க்கிறது. உடலை வருத்தும் செயல்கள் என்பதே அவற்றுக்கு அது தரும் பெயர். ‘கேரண்ட சம்ஹிதை’யும் பிராணாயாமப் பகுதியில் இதையே சொல்கிறது. மூச்சுப் பயிற்சியில் அரும்பும் வியர்வையைக் கழுவாமல் உடம்பிலேயே தேய்த்துவிடச் சொல்வதும் பிரதீபிகைதான். உடல் உறுதியும் இலகுவும் பெறும் என்பது அதன் கணக்கு. குளிர்ந்த நீரைப் பெரிதாகப் போற்றும் இன்றைய யோக ஆசிரியர்கள் பலர் இந்த வரிகளை எளிதாகத் தாண்டிவிடுகிறார்கள்.

சித்த மருத்துவமும் எல்லாக் குளியலையும் குளிர்நீரில் வைக்கவில்லை. எண்ணெய் தேய்த்தால் வெந்நீர் என்பது தேரையரின் பிணியணுகா விதி. தற்கால ஆசிரியர்களில் பி.கே.எஸ். ஐயங்கார் 1966இல் வெளியான ‘லைட் ஆன் யோகா’வில் நடுவழியைச் சொன்னார்: குளித்துவிட்டுச் செய்தால் ஆசனங்கள் எளிதாக வரும், முடித்தபின் சுமார் 15 நிமிடம் விட்டு மறுபடி குளிக்கலாம்.

தண்ணீர் எவ்வளவு குளிர்ந்தது என்பதைக் கேட்காமல் இந்தப் பழக்கத்தை எடைபோட முடியாது. எடுத்துக்காட்டாக ஓர் அருவியைப் பார்க்கலாம்: வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலையின் அடிவாரக் காட்டில் இருக்கிறது அமிர்தி. வனத்துறையின் சிறிய விலங்கியல் பூங்காவுக்கும் அதையடுத்த அருவிக்கும் பெயர்பெற்ற இடம். அருவி ஆண்டு முழுவதும் கொட்டுவதில்லை. வடகிழக்குப் பருவமழையில் பெருகி, கோடையில் வெறும் பாறையாகிவிடும். ஆகவே அங்கே நீர் நிறைந்திருக்கும் காலமும் காலைகள் குளிரத் தொடங்கும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. காட்டு ஓடையின் நீர் இரவுக் காற்றில் குளிர்ந்துபோகும். கிணற்று நீர் அப்படியன்று. நிலத்தடி நீரின் வெப்பம் அந்தந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டியே நிற்பதால், மார்கழி விடியலில் இறைக்கும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், ஆவிகூடப் பறக்கும். அதே தண்ணீர் மாடித் தொட்டியில் ஓர் இரவு தங்கினால் உடம்பைச் சிலிர்க்க வைக்கும். எப்படியானாலும் சமவெளியில் 15 டிகிரிக்குக் கீழே போவது அரிது. ஐரோப்பிய ஆய்வுகள் பேசும் குளிர் பெரும்பாலும் அந்த அளவும் அதற்குக் கீழும்தான். அங்கே கண்ட பலன்களை இங்கே வாளித் தண்ணீருக்கு அப்படியே எழுதிவைப்பது பொருந்தாது.

குளிர்ந்த நீர் திடீரென்று மேலே பட்டதும் தோலின் நரம்புகள் உடனே செய்தி அனுப்புகின்றன. வாய் தானாகத் திறந்து மூச்சை இழுக்கும். பிறகு மூச்சு வேகமாகவும் மேலோட்டமாகவும் ஓடும். இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறும். முதல் அரை நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று நிமிடத்தில் இது தணியும். ஐந்தாறு முறை பழகினாலே இந்த அதிர்ச்சி வெகுவாகக் குறைவது சோதனைகளில் தெரிந்திருக்கிறது. யோகப் பயிற்சியாளருக்கு உண்மையில் பயன்படும் இடம் இதுதான். மூச்சு கைமீறி ஓடும் வேளையில், மூக்கு வழியாக நீளமாக வெளியே விட்டு அதைத் திரும்பப் பிடிப்பது அமைதியான அறையில் கற்க முடியாத பாடம். அதற்குக் கடுங்குளிர் தேவையில்லை. மாடித் தொட்டித் தண்ணீரே போதும். முதல் சொம்பைக் காலில் ஊற்றி, முழங்கால், இடுப்பு, தோள் என்று ஏறிக் கடைசியில் தலைக்கு வரும் வழக்கம் மூச்சுக்கு அவகாசம் தருகிறது. எடுத்த எடுப்பில் தலையில் கொட்டிக்கொள்வது வீரம்தான், பயிற்சி ஆகாது.

நோய் எதிர்ப்பைப் பற்றிய பேச்சு அளவுக்கு மிஞ்சியது. நெதர்லாந்தில் 3000 பேருக்கு மேல் கலந்துகொண்ட ஓர் ஆய்வு 2016இல் வெளிவந்தது. வெந்நீர்க் குளியலின் முடிவில் 30 முதல் 90 நொடி வரை குளிர்நீரில் நின்றவர்கள் நோய்க்காக வேலைக்கு விடுப்பு எடுத்தது 29 விழுக்காடு குறைந்தது. ஆனால் நோயுற்ற நாட்களின் எண்ணிக்கை குறையவில்லை. சளி வந்தும் வேலைக்குப் போகும் தெம்பு இருந்தது என்று வேண்டுமானால் கொள்ளலாம். 30 நொடிக்கும் 90 நொடிக்கும் பலனில் வேறுபாடு இல்லை என்பதையும், நெடுநேரம் நிற்பதைப் பெருமையாக எண்ணுவோர் கவனிக்க வேண்டும்.

வரிசை முறையில் ஒரு விதி கண்டிப்பானது. பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுப் பயிற்சி செய்தவுடன் நீரில் மூழ்கக் கூடாது. அது இரத்தத்தில் கரியமில வாயுவைக் குறைத்துவிடும். மூச்சு விட வேண்டும் என்ற உந்துதல் வருமுன்பே உள்ளே மூழ்கியவர் நினைவிழக்கக்கூடும். முகம் நனைவதால் இதயத் துடிப்பு குறைய முயல்வதும், உடம்பு குளிர்வதால் அது கூட முயல்வதும் ஒரே நேரத்தில் நிகழ்வதால், இதய நோயாளிகளுக்குத் துடிப்பின் ஒழுங்கு குலைய வாய்ப்புண்டு. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும், குளிரில் மூச்சிரைப்பு வருபவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. ஆசனம் முடிந்து உடல் சூடாக இருக்கும்போது சவாசனத்தில் கிடந்து வியர்வை அடங்கிய பின் குளிப்பதே நல்லது.

அமிர்தி அருவியில் இந்தப் பயிற்சியைச் செய்ய நினைப்பவர்களுக்கு இன்னொரு தடை உண்டு. அது வனத்துறையின் காடு. பார்வையாளர்கள் போவது பகலில்தான். விடியல் குளியல் வீட்டு முற்றத்திலேயே முடிய வேண்டும். பகலில் போனாலும், மலைமேல் மழை பெய்திருந்தால் கீழே வானம் வெளுத்திருக்கும்போதே நீர் திடீரென்று பெருகும். பாசி படிந்த பாறையும் வழுக்கும். நீர் கலங்கி நிறம் மாறினால் உடனே கரையேறிவிட வேண்டும்.