மின்னணு நாணய அகழ்வு: சிறு முதலுக்கு ஏற்ற தொழிலா?

(ஜமாஅத் இளைஞர்களுக்கான கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருக்கும் நம் மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சில வாரங்களுக்கு முன் நம்மிடம் ஆலோசனை கேட்டு வந்தார். மூன்றாண்டு உழைப்பில் மிச்சப்படுத்திய ஒன்றரை லட்சம் ரூபாய் அவர் கையில் இருக்கிறது. அதைக் கொண்டு, பிட்காயின் மைனிங் எனப்படும் அகழ்வுக்கான பழைய இயந்திரம் ஒன்றை வாங்கி வீட்டு மாடியில் ஓடவிட்டால், மீண்டும் சபர் போகாமலே மாத வருமானம் கிடைக்கும் என்பது அவர் எண்ணம். அவருக்குச் சொன்ன பதில் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று நிர்வாகத்தார் விரும்பியதால் இங்கு நிற்கிறோம். இந்நாணயம் ஆகுமானதா என்ற வினாவுக்கு ஆலிம்களே விடை சொல்லத் தக்கவர்கள். நாம் வரவு செலவுக் கணக்கை மட்டும் பார்க்கப் போகிறோம்.

அகழ்வு என்ற பெயரே ஆளை மயக்கிவிடுகிறது. உண்மையில் இங்கே தோண்டுவதற்கு ஒன்றும் இல்லை. ஏறத்தாழ பத்து நிமிடத்திற்கு ஒரு முறை, பிட்காயின் பரிவர்த்தனைகளின் ஒரு தொகுதி பொதுப் பதிவேட்டில் சேர்க்கப்படுகிறது. அதைச் சேர்க்கும் உரிமைக்காக உலகெங்குமுள்ள இயந்திரங்கள் ஓர் எண்ணை ஊகித்து ஊகித்துத் தேடுகின்றன. முதலில் கண்டவருக்கே பரிசு. 2009இல் அப்பரிசு 50 காயினாக இருந்தது. படிப்படியாகப் பாதியாகக் குறைந்து 2024 ஏப்ரல் முதல் 3.125 காயினாக நிற்கிறது. தொடக்க நாட்களில் வீட்டுக் கணினியே இதற்குப் போதுமானதாக இருந்தது. நம் பிள்ளைகள் கேட்டு வியக்கும் வெற்றிக் கதைகளில் பெரும்பாலானவை அக்காலத்தவை.

இயந்திரங்கள் பெருகினால் நாணயமும் பெருகும் என்று எண்ணிவிடக் கூடாது. 2,016 தொகுதிகளுக்கு ஒரு முறை, அதாவது சுமார் இரு வாரங்களுக்கு ஒரு முறை, போட்டிக்கு ஏற்பத் தேடலின் கடினம் தானாகத் திருத்தப்படுகிறது. உலகம் முழுவதற்கும் நாளொன்றுக்குப் புதிதாகக் கிடைப்பது ஏறத்தாழ 450 காயின்தான்.

அந்த இளைஞர் விலை பேசியிருந்தது ஆன்ட்மைனர் எஸ்19 ப்ரோ என்னும் இயந்திரம். அது வினாடிக்கு 110 டெராஹாஷ், அதாவது 110 லட்சம் கோடி ஊகங்கள் செய்யும். கேட்பதற்குப் பெரிய எண்தான். ஆனால் 2024ஆம் ஆண்டின் நடுவில் உலக இயந்திரங்கள் அனைத்தின் கூட்டு ஆற்றல் சுமார் 60 கோடி டெராஹாஷ். விகிதப்படி இவருடைய நாள் பங்கு 0.0000825 காயின். அப்போதைய விலையைச் சுமாராக 60,000 டாலர் என்று கொண்டால், நாளொன்றுக்கு 415 ரூபாய்க்கும் குறைவு. அதே இயந்திரம் 3,250 வாட் மின்சாரம் இழுக்கிறது. ஒரு நாளைக்கு 78 யூனிட். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வைத்தாலும் 780 ரூபாய். ஆக, இயந்திரத்தின் விலையை மறந்துவிட்டாலும் நாள்தோறும் கைநஷ்டம் 365 ரூபாய்க்கு மேல்.

"விலை ஏறினால்?" என்று அவர் கேட்டார். நல்ல கேள்வி. விலை ஏறவும் செய்தது. 2025 செப்டம்பரில் ஒரு காயின் 1,10,000 டாலரை ஒட்டி விற்றது. ஆனால் விலை ஏற ஏறப் பெரு முதலாளிகள் புதிய இயந்திரங்களை இறக்கியதால், உலகக் கூட்டு ஆற்றலும் 100 கோடி டெராஹாஷ் அளவை எட்டிவிட்டது. அதே இயந்திரத்தின் நாள் வரவு 480 ரூபாயைத் தாண்டவில்லை. நாணயத்தின் விலை ஏறக்குறைய இரு மடங்கானது. நம்மவருக்கோ அறுபது, எழுபது ரூபாய்தான் கூடியிருக்கும்.

சூரிய ஒளித் தகடு போடலாமே என்று கூட்டத்தில் ஒரு சகோதரர் கேட்டார். ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சுமார் நான்கு யூனிட் தரும். 78 யூனிட்டுக்கு ஏறத்தாழ இருபது கிலோவாட் வேண்டும். அது சிறு முதல் அன்று. இத்தொழில் நடப்பது பூட்டான் அரசின் முதலீட்டு நிறுவனம் போல நீர்மின்சாரத்தைக் கையில் வைத்திருப்போரிடமும், டெக்சாஸில் மொத்த விலைக்கு மின்சாரம் வாங்கும் பெரும் கூடங்களிலும்தான்.

வரியையும் மறக்கலாகாது. 2022 ஏப்ரல் முதல் இவ்வகைச் சொத்தின் இலாபத்திற்கு நம் நாட்டில் 30 விழுக்காடு வரி உண்டு. அகழ்வுக்கான கட்டமைப்புச் செலவை அதில் கழித்துக்கொள்ள முடியாது என்று அரசு அவ்வாண்டு மார்ச்சில் மக்களவையில் தெளிவுபடுத்தியது. செலவு போக நட்டத்தில் இருப்பவரும் வரி கட்ட நேரிடலாம் என்பது விந்தையே!

வேறு நாணயம் அகழலாம் என்போர் எத்தீரியத்தின் வரலாற்றைப் பார்க்கட்டும். அதற்காகக் கிராபிக்ஸ் கார்டுகளை வாங்கிக் குவித்தோரின் அகழ்வு, 2022 செப்டம்பர் 15 அன்று அந்நாணயத்தின் முறையே மாற்றப்பட்டபோது ஒரே நாளில் நின்றுபோனது. கற்றுக்கொள்ளும் ஆர்வம் மட்டும் உள்ள மாணவருக்கு பிட்டாக்ஸ் என்னும் கையடக்கக் கருவி உண்டு. 20 வாட்டுக்கும் குறைவாகவே இழுக்கும். வினாடிக்கு 1.2 டெராஹாஷ் செய்யும் அக்கருவி, 2024இன் கணக்குப்படி, தனியாக ஒரு பரிசை வெல்லச் சராசரியாக 9,500 ஆண்டுகள் ஆகும். பாடம் படிக்க அது போதும்.

இயந்திரமே வேண்டாம், செயலியில் பணம் கட்டினால் அவர்களே அகழ்ந்து தருவார்கள் என்று அழைப்பவர்களிடம்தான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். எச்.பி.இசட். டோக்கன் என்ற செயலி 57,000 ரூபாய்க்கு மூன்று மாதம் நாள்தோறும் 4,000 ரூபாய் தருவதாக ஆசை காட்டியதை அமலாக்கத்துறை தன் விசாரணையில் வெளிப்படுத்தியது. கூட்டிப் பாருங்கள், 3,60,000 ரூபாய் வருகிறது. அப்படி ஓர் இயந்திரம் இருந்தால் அதன் உரிமையாளர் நம் 57,000 ரூபாய்க்கு ஏன் கை நீட்ட வேண்டும்?

நம்மிடம் வந்த இளைஞர் கணக்கை ஏற்றுக்கொண்டார். ஆனால் இயந்திரத்திற்கு முன்பணமாக இருபதாயிரம் ரூபாயை ஏற்கெனவே கொடுத்துவிட்டதைக் கடைசியில்தான் சொன்னார். விற்பவரிடம் அதைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பாதி தருவதாக இப்போதைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்.