ஊருக்கு ஊர் மாறும் உடுப்பு



டெல்லியில் சரோஜினி நகர், கொல்கத்தாவில் கரியாஹாட், மும்பையில் லிங்கிங் ரோடு, சென்னையில் ரங்கநாதன் தெரு. நான்கும் தெருவோரத் துணி வியாபாரத்துக்குப் பேர்போன இடங்கள். இந்த நான்கு ஊர் இளைஞர்களும் இன்று பார்ப்பது அதே செல்போன் படங்களைத்தான். ஆனாலும் ஓர் ஊரில் அள்ளிக்கொண்டு போகும் சரக்கை இன்னோர் ஊரில் சீந்த ஆள் இருக்காது. ரசனை வேறு என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அந்த ரசனையின் வேரைத் தேடிப் போனால் மூன்று கேள்விகளில் வந்து நிற்போம். பக்கத்தில் என்ன துணி தைக்கிறார்கள்? மக்கள் எதில் ஏறி வேலைக்குப் போகிறார்கள்? எந்த மாதத்தில் கையில் காசு வருகிறது?

முதலில் தையல். டெல்லியிலும் அதைச் சுற்றியும் நொய்டா, குருகிராம், ஓக்லா பகுதிகளில் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகள் ஏராளம். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் வந்தால், கழித்துக்கட்டப் போவதையும் கணக்கிட்டுச் சில உருப்படிகளைக் கூடுதலாகவே தைப்பார்கள். மீந்தவை, பொத்தான் இடம் மாறியவை, சாயம் கொஞ்சம் மங்கியவை, ஆர்டர் ரத்தாகித் தேங்கியவை எல்லாம் மொத்த வியாபாரிகள் கைமாறி சரோஜினி நகருக்கு வந்து சேரும். கழுத்திலுள்ள லேபிளைப் பாதி வெட்டியிருப்பார்கள். குவியலில் ஒரு நிறத்தில், ஓர் அளவில் ஒரே ஒரு சட்டைதான் அகப்படும். அதைக் கிளறி எடுக்கப் பொறுமை வேண்டும். விலையைக் குறைக்க வாய் வேண்டும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத துணிகளைச் சேர்த்துப் போட்டு அதையே அழகாக்கும் டெல்லிப் பெண்களின் துணிச்சலுக்கு அந்தக் குவியலும் ஒரு காரணம்.

கொல்கத்தாவின் கதை வேறு. லக்னோவைத் தலைநகராகக் கொண்ட அவத் அரசை 1856-இல் ஆங்கிலேயர்கள் பறித்துக்கொண்டதும், அதன் நவாப் வாஜித் அலி ஷா கொல்கத்தாவுக்கு வந்து மெட்டியாப்ரூஸ் பகுதியில் தங்கினார். சமையல்காரர்களும் தையல்காரர்களும் லக்னோவிலிருந்து அவர் பின்னால் வந்தார்கள். நவாபின் அரண்மனை போய்விட்டது, தையல் போகவில்லை. இன்று அந்த வட்டாரம் முழுக்க வீட்டுக்கு வீடு தையல் எந்திரம் ஓடுகிறது. ஒரு மாதிரி விற்கிறது என்று தெரிந்தால் பல வீடுகளில் அதையே தைத்துத் தள்ளுவார்கள். டெல்லிக் குவியலில் கிடைப்பது ஒற்றை உருப்படி. இங்கே ஒரே மாதிரி நூற்றுக்கணக்கில் கிடைக்கும்.

அடுத்தது போக்குவரத்து. இதற்கு மும்பையையும் புனேவையும் பார்த்தால் போதும். ஒரே மாநிலம், ஒரே மொழி, இடையில் சுமார் 150 கிலோமீட்டர். மும்பை உள்ளூர் ரயிலில் நெரிசலில் ஏறி இறங்கும் பெண்ணுக்குத் துப்பட்டா ஒரு தொல்லை. எங்காவது சிக்கும், யாராவது மிதிப்பார்கள். குட்டையான குர்த்தி, லெகின்ஸ், குறுக்கே மாட்டி முன்பக்கம் அணைத்துக்கொள்ளும் பை, இவை அந்த ரயிலுக்குத் தோதானவை. ஜூன் மாதம் மழை பிடித்ததும் நடைபாதைகளில் பிளாஸ்டிக், ரப்பர் செருப்புகள் வண்ண வண்ணமாக வந்து இறங்கிவிடும். புனேவோ இரு சக்கர வாகன ஊர். மும்பையில் தொல்லையாக இருந்த அதே துணி அங்கே தலையையும் முகத்தையும் சுற்றி, கண் மட்டும் தெரியக் கட்டிக்கொள்ளும் கவசமாகிறது. வெயிலுக்கும் தூசிக்கும் தொடங்கிய வழக்கம், பிறகு எந்த நிறம், எப்படி முடிச்சு என்று பார்க்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது.

மூன்றாவது, காலமும் காசும். டெல்லியில் ஜனவரி இரவுகளில் வெப்பம் 5 டிகிரிக்கும் கீழே போகும். லூதியானாவின் கம்பளி ஆடைகள் அப்போது தெருக்களை நிறைக்கும். கொல்கத்தாவில் அவ்வளவு குளிர் கிடையாது. ஆனாலும் லேசாகக் காற்று சில்லிட்டதும் பெரியவர்கள் குரங்குக் குல்லாவைத் தேடுவார்கள்; அதற்காக ஊரே அவர்களைக் கிண்டல் செய்யும். கொல்கத்தாவின் உண்மையான துணிப் பருவம் துர்கா பூஜை. போனஸ் வருவதும் அப்போதுதான். பூஜை நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு புதுத்துணி என்பது பல குடும்பங்களில் வழக்கம். ஏப்ரல் நடுவில் வங்காளப் புத்தாண்டு வருவதற்கு முன், தேங்கிய சரக்கைத் தள்ளிவிட 'சைத்ர சேல்' என்று இன்னொரு தள்ளுபடித் திருவிழா நடக்கும்.

நம் பக்கம் வருவோம். திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மீந்த சரக்கு மலையாகக் கிடக்கும். டெல்லியில் மீந்தது பெரும்பாலும் நெய்த துணி. திருப்பூரில் மீந்தது பின்னலாடை. அதனால்தான் கொங்கு வட்டாரத்தில் வேட்டிக்கும் லுங்கிக்கும் மேலே, ஏதோ ஓர் ஐரோப்பிய ஊர்ப் பெயர் அச்சிட்ட டி-சர்ட் சர்வ சாதாரணம். சென்னையின் வழி கொஞ்சம் வேறு. ரங்கநாதன் தெருவுக்குப் பக்கத்திலேயே மாம்பலம் ரயில் நிலையம். புறநகர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். ஒருத்திக்கு வாங்குவதை அம்மாவும் அக்காவும் அத்தையும் சேர்ந்து முடிவு செய்வார்கள். அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே சிபாரிசு சினிமா. 1985-இல் நதியா நடித்த 'பூவே பூச்சூடவா' படம் வந்தபின் நதியா வளையல், நதியா கம்மல் என்று கேட்டு வாங்கியவர்கள் நம் வீடுகளிலேயே இருப்பார்கள்.

இப்போது சூரத்தில் தயாராகும் செயற்கை இழைத் துணி இணையக் கடை வழியே எல்லா ஊருக்கும் ஒரே பொட்டலமாகப் போகிறது. நல்லதுதான், விலையும் குறைவு. ஆனால் அந்தப் பொட்டலத்துக்கு மும்பை மழையும் தெரியாது, புனே வெயிலும் தெரியாது. நம் ஊருக்கு எது ஒத்துவரும் என்று தினமும் பார்த்து, விற்காததை மறுநாளே மாற்றுகிறவர் நடைபாதை வியாபாரிதான். நகரங்களின் நாகரிகத்தைத் தீர்மானிப்பதில் பெரிய வடிவமைப்பாளர்களைவிட அவருக்குப் பங்கு அதிகம் என்பது என் முடிவு.

நாமோ அவரைத் துரத்திவிட்டுத் தெருவை அழகாக்கப் பார்க்கிறோம். இத்தனைக்கும் தெரு வியாபாரிகளைப் பாதுகாக்க 2014-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. நகரந்தோறும் விற்பனைக் குழு அமைக்க வேண்டும், அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். உங்கள் ஊரில் அந்தக் குழு இருக்கிறதா, கூடுகிறதா என்று உங்கள் வார்டு உறுப்பினரிடம் ஒருமுறை கேளுங்கள்.