கதவுக் கீலும் கைவிரலும்

(ஓசூரில் நடந்த ஆதரவாளர் கூட்டத்தில் இயன்முறை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



உங்களில் பலர் சிப்காட் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்கள். கீல் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு தகடுகள், நடுவே ஓர் ஆணி. ஒரே போக்கில் திறக்கும், மூடும்; பக்கவாட்டில் அசையாது.

நம் சரீரத்திலும் கீல்கள் உண்டு. முழங்கை ஒரு கீல். முட்டிக்கு அப்பால் ஒவ்வொரு விரலிலும் இரண்டு கீல்கள், கட்டைவிரலில் ஒன்று. இவற்றில் ஆணி கிடையாது. எலும்பு முனைகளின் வடிவமும், இருபுறமும் இறுகப் பிடித்திருக்கும் நார்களுமே அந்த வேலையைச் செய்கின்றன. எண்ணெய்க்குப் பதிலாக மூட்டுத் திரவம் இருக்கிறது.

ஆனால் எந்தக் கீலும் தானாக அசையாது. மோட்டார் சைக்கிள் பிரேக்கை நினைத்துப் பாருங்கள். கைப்பிடியில் இழுத்தால், கேபிள் வழியாகச் சக்கரத்தில் பிடிக்கிறது. விரலும் அப்படியே. அதை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன, தசைநாண்களே கேபிள்கள். உள்ளங்கையிலுள்ள சிறு தசைகள் அந்த இழுப்பைச் சமன் செய்கின்றன.

தொழுநோய் முழங்கை அருகேயுள்ள நரம்பைத் தாக்கினால் இந்தச் சிறு தசைகள் செயலிழக்கும். விரல்கள் உள்ளே சுருண்டுகொள்ளும். சோற்றைப் பிசைந்து வாயில் வைப்பதும், சட்டைப் பொத்தான் போடுவதும் பெரும்பாடாகிவிடும். கீல் கெடவில்லை, இழுக்கும் கயிறுதான் போயிற்று.

இதைக் கண்டுகொண்டவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில் மிஷனெரி தம்பதியருக்குப் பிறந்தவர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். நல்ல தசை ஒன்றின் நாணைத் திருப்பி, செயலற்ற விரல்களோடு இணைத்துத் தைத்தார். மடங்கிக் கிடந்த விரல்கள் மறுபடியும் நீண்டன.

ஒன்றை மட்டும் மறவாதிருங்கள். நெடுநாள் மடங்கியே கிடக்கும் மூட்டு இறுகிப்போகும். துருப்பிடித்த கீலுக்குப் புதுக் கேபிள் பூட்டி என்ன பயன்? ஆகவே அறுவைச் சிகிச்சைக்கு முன்பு, கையைத் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, விரல்களைப் பல வாரங்கள் பொறுமையாக நீட்டிப் பழக்க வேண்டும். இதில் ஆரவாரம் ஒன்றும் இல்லை. இது நடக்காவிட்டால் கத்தி எடுத்தும் பலனில்லை. உங்கள் காணிக்கை இந்த நாட்களையும் தாங்குகிறது.

அதைவிட நல்லது, அந்த நிலைக்கே விடாதிருப்பது. பிழைப்புக்காகப் பல மாநிலங்களிலிருந்தும் இங்கே வந்து வாடகை அறைகளில் தங்கியிருப்பவர்கள் அநேகர். ஒருநாள் கூலி போய்விடுமே என்று உணர்ச்சியற்ற தேமலை மறைத்துவிடுகிறவர்களும் உண்டு. அப்படி ஒருவரைக் கண்டால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திற்காவது நீங்களே கூட்டிச் செல்லுங்கள். மருந்து இலவசம், நோயின் தன்மைக்கேற்ப 6 அல்லது 12 மாதம் சாப்பிட்டால் குணமாகும். நரம்புப் பாதிப்பைத் தொடக்கத்திலேயே கண்டால் பல நேரங்களில் விரல்களையும் காப்பாற்றலாம்.

கீல் இறுகுமுன் எண்ணெய் விடுங்கள் என்பதே உங்களுக்கு என் வேண்டுகோள்.