தரவு அறிவியல் பட்டம்: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை



போர்ட் கிள்ளான் துறைமுகம் 2023ஆம் ஆண்டில், இருபதடிப் பெட்டிக் கணக்கில், 14 மில்லியனுக்கும் அதிகமான கொள்கலன்களைக் கையாண்டது. நாளை கப்பலேற வேண்டிய பெட்டி இன்று அடுக்கின் அடியில் இருந்தால், மேலே உள்ளவற்றை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். நேரமும் பணமும் விரயம். எந்தப் பெட்டி எப்போது வெளியேறும் என்பதைப் பழைய பதிவுகளைக் கொண்டு கணித்துச் சொல்வது தரவு அறிவியல் செய்யும் வேலைகளில் ஒன்று. ஆகவே, துறைமுகத்தில் உழைக்கும் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை இப்படிப்பில் சேர்க்க ஆசைப்படுவது நியாயமே.

ஆனால் ஒரே பெயர் கொண்ட பட்டங்கள் எல்லாம் ஒரே தரமுடையவை அல்ல. சேமநிதிப் பணத்தை எடுத்தோ, பி.டி.பி.டி.என். கடன் வாங்கியோதான் பல குடும்பங்கள் கட்டணம் செலுத்துகின்றன. படிப்பு பயன்படாமல் போனாலும் கடன் மாணவர் தலையில்தான் நிற்கும். எனவே பணம் கட்டும் முன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதலாவது, அங்கீகாரம். 2007இல் அமைக்கப்பட்ட எம்.கியூ.ஏ. எனும் மலேசியத் தகுதி நிர்ணய அமைப்பின் பதிவேட்டை யாரும் இணையத்தில் பார்க்கலாம். புதிய படிப்புக்கு முதலில் தற்காலிக அங்கீகாரமே கிடைக்கும். முதல் தொகுதி மாணவர்கள் இறுதியாண்டை எட்டும் கட்டத்தில்தான் முழு அங்கீகாரத்துக்கான மதிப்பீடு நடைபெறும். தற்காலிகம் என்பது குறையன்று. ஆனால் எந்த நிலை என்று தெரிந்தே சேர வேண்டும்.

இரண்டாவது, பாடத்திட்டம். நம் நாட்டில் இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் தேவை. ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரப் படிப்பு. ஆக மொத்தம் 4,800 மணி நேரம். இதில் கணிதத்துக்கும் புள்ளியியலுக்கும் எவ்வளவு ஒதுக்கப்பட்டுள்ளது? ஒப்பிட்டுப் பார்க்கச் சென்னை ஐ.ஐ.டி.யின் உதாரணம் உதவும். 2020இல் அது தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் படிப்பின் அடித்தளக் கட்டத்தில் 8 பாடங்கள். அவற்றுள் இரண்டு கணிதம், இரண்டு புள்ளியியல். பாடங்கள் இணையத்தில் நடந்தாலும், முக்கியத் தேர்வுகளை மையத்துக்கு நேரில் சென்றுதான் எழுத வேண்டும்.

கணிதத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்த வேண்டும்? சீனப் புத்தாண்டை ஒட்டித் தொழிற்சாலைகள் மூடப்படும். சரக்கு வரத்து குறையும். அந்தச் சில வாரப் பதிவை மட்டும் கொடுத்தால், வணிகமே சரிகிறது என்று கணினி கூசாமல் சொல்லிவிடும். நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்று கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. கிடைத்த விடை நம்பத் தக்கதா என்று சோதிக்கத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு. அதைக் கற்றுத் தருவது புள்ளியியல்.

மூன்றாவது, செயல்முறை. மாணவர்கள் உண்மையான நிறுவனத் தரவுகளைக் கையாளுகிறார்களா? தொழிற்பயிற்சி எத்தனை வாரம், எந்த நிறுவனங்களில்? புள்ளியியல் பயின்ற விரிவுரையாளர்கள் எத்தனை பேர்? முதலில் பட்டம் பெற்றவர்கள் இன்று என்ன வேலை செய்கிறார்கள்? இவற்றுக்கு நேரடியாகப் பதில் தராமல் கட்டணக் கழிவைப் பற்றியே பேசும் இடத்தில் அவசரப்பட்டு முன்பணம் கட்ட வேண்டாம்.

பிள்ளையின் விருப்பத்தையும் கேட்க வேண்டும். எஸ்.பி.எம். தேர்வில் கூடுதல் கணிதம் கடினமாக இருந்தது என்பதற்காகக் கதவு மூடிவிடாது. ஆனால் கணிதத்தை மீண்டும் அடியிலிருந்து படிக்கும் மனம் இருக்க வேண்டும். அந்த மனம் இல்லாத பிள்ளையைச் சம்பளக் கணக்கைக் காட்டி அனுப்புவது, கடனையும் மனச்சோர்வையும் சேர்த்துக் கொடுப்பதாகும்.

அடுத்த கல்விக் கண்காட்சிக்குச் செல்லும் பெற்றோர் பாடவாரியான கிரெடிட் பட்டியலைக் கேட்டு வாங்கி, வீட்டில் பிள்ளையுடன் அமர்ந்து படித்துப் பார்க்கட்டும். கையெழுத்து அதற்குப் பிறகு போடலாம்.