அவசரப் பிரிவில் முதலிடம் யாருக்கு?

லாயாங் லாயாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய், காய்ச்சலில் கிடக்கும் மகனைத் தூக்கிக்கொண்டு குளுவாங் மருத்துவமனைக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மணி இரவு ஒன்பது. அவசரப் பிரிவில் பெயரைப் பதிந்து, நம்பர் வாங்கி உட்காருகிறாள். மணி பத்தாகிறது, பதினொன்றாகிறது. அதற்குப் பிறகு வந்த பெரியவர் ஒருவரை நேரே உள்ளே தள்ளிக்கொண்டு போகிறார்கள். "முந்தி வந்தவள் நானல்லவா? தோட்டத்து ஆள் என்ற இளக்காரம்தானே?" என்று அவள் மனம் கொதிக்கிறது.

அந்தக் கொதிப்பு நியாயமா என்று பார்ப்போம். காலைப் பிரட்டில் முந்தி வந்தவருக்கு முந்திப் பெயர். அவசரப் பிரிவில் கணக்கு வேறு. உயிருக்கு ஆபத்தானவர் சிவப்பு, தாமதிக்கக் கூடாதவர் மஞ்சள், காத்திருக்கக் கூடியவர் பச்சை என்று நோயாளிகளைப் பிரிக்கிறார்கள். நெப்போலியன் படையில் இருந்த லாரே என்ற அறுவை மருத்துவர், பதவியைப் பார்க்காமல் காயத்தின் கடுமையைப் பார்த்தே சிகிச்சை தர வேண்டும் என்று விதித்தார். அந்த வழியில் வந்த ஏற்பாடுதான் இது. இங்கே மானேஜரும் ஒன்று, மரம் வெட்டும் தொழிலாளியும் ஒன்று. அந்தப் பெரியவருக்கு நெஞ்சுவலி என்றால், அவர் முந்திப் போனதுதான் நீதி.

அப்படியானால் நெரிசலுக்குச் சளி, காய்ச்சல்காரர்கள்தான் காரணமா? முழுக்க அப்படிச் சொல்லிவிட முடியாது. வார்டில் கட்டில் காலியாகாததால், உள்ளே சேர்க்க வேண்டிய நோயாளிகள் அவசரப் பிரிவிலேயே தங்கிவிடுவது பெரிய காரணம். அதைத் தீர்ப்பது அரசாங்கத்தின் பொறுப்பு. ஆனால் நம் கையிலும் கொஞ்சம் இருக்கிறது.

நம்மவர் ஏன் இரவில் போகிறார்கள்? பகலில் போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்ற பயம். நேயர்களே, 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, மருத்துவர் சான்றிதழ் இருந்தால் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. வேலையில் சேர்ந்து 2 ஆண்டு ஆகாதவருக்கு ஆண்டுக்கு 14 நாள். 2 முதல் 5 ஆண்டு வரை 18 நாள். அதற்கு மேல் 22 நாள். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். பிள்ளையை அழைத்துப் போகும் தாய்க்கு இந்த விடுப்பு பொருந்தாது என்பது வருத்தமே. ஆனாலும் உங்கள் சொந்த நோவுக்கு இரவுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. இருமல், சளி, சொறி, பழைய முதுகுவலி இவற்றுக்குப் பகலிலேயே அரசாங்கக் கிளினிக்குக்குப் போகலாம்.

இன்னொன்று, இனிப்பு நீர். 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு இந்நோய். இந்தியர்களில் மட்டும் நூற்றுக்கு 31 பேருக்கு. மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர்தான் பிறகு அழுகிய காலோடும், மயக்கத்தோடும் அவசரப் பிரிவுக்கு வருகிறார். கிளினிக் கொடுத்த தேதியைத் தவறவிடாதீர்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "மற்றவர்களுக்கு ஏன் தொந்தரவு?" என்று வீட்டில் படுத்துவிடாதீர்கள். அதுதான் பெரிய ஆபத்து. நெஞ்சை அழுத்தும் வலி, மூச்சுத் திணறல், நிற்காத இரத்தம், வலிப்பு, பாம்புக்கடி, கர்ப்பிணிக்கு இரத்தப்போக்கு, மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்குக் காய்ச்சல் இவற்றுக்கு ஒரு நிமிடமும் யோசிக்க வேண்டாம். டிங்கிக் காய்ச்சலில் சூடு தணிந்ததும் நோய் போய்விட்டது என்று நினைக்கிறோம். அப்போதுதான் கவனம் வேண்டும். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், சோர்வு கண்டால் உடனே புறப்படுங்கள். வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால் அது பக்கவாதம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். ஆகவே கடைசியாக எத்தனை மணிக்கு அவர் நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துச் செல்லுங்கள். பாம்பு கடித்தால் வெட்டுவதும் இறுகக் கட்டுவதும் வேண்டாம். கடித்த உறுப்பை அசைக்காமல் வைத்துக் கொண்டு போங்கள்.

999-ஐ அழைக்கும்போது தோட்டத்தின் பெயரையும் எந்தப் பிரிவு என்பதையும் சொல்லுங்கள். செம்பனைக் காட்டுக்குள் எல்லாப் பாதையும் ஒன்றுபோலவே தெரியும். ஆகவே ஒருவர் டார்ச் விளக்குடன் பெரிய சாலை முனையில் நிற்கட்டும். அடையாளக் கார்டும், சாப்பிடும் மருந்துகளும் ஒரே பையில் எப்போதும் தயாராக இருக்கட்டும்.

இனி அந்தத் தாயிடம் வருவோம். அவள் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் மகன் தட்டி எழுப்பியும் விழிக்காமல் துவண்டாலோ, மூச்சு வாங்கினாலோ, நம்பர் வரட்டும் என்று உட்காரக் கூடாது. எழுந்து போய்த் தாதியிடம், "பிள்ளைக்கு முன்னைவிட மோசமாக இருக்கிறது, மறுபடி பாருங்கள்" என்று சொல்ல வேண்டும். பச்சை மஞ்சளாகலாம், மஞ்சள் சிவப்பாகலாம். அந்த மாற்றத்தை முதலில் காண்பது பக்கத்தில் இருக்கும் தாயின் கண்தான். பொறுமையாக இருப்பது நல்லதுதான். ஆனால் பேச வேண்டிய நேரத்தில் வாய்மூடி இருப்பது பொறுமையாகாது.